ஒன்பது பிரதிகளில் ஒரு தாள்

வெள்ளிக்கிழமை, காலை 9.10.

டோரீன் ஹெப்பிள் நூலகக் கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டார். கெட்டிலைக் கொதிக்கப் போட்டுவிட்டு, மேசைமேல் அடுக்கியிருந்த புத்தகங்களில் ஒன்றைக் கையில் எடுத்தார். அது தானாகவே ஓரிடத்தில் விரிந்தது. இடது பக்கம் 146. வலது பக்கம் 149.

நடுவே ஒரு தாளைக் காணோம்.

அடுத்ததை எடுத்தார். அதிலும் அதே கதை. கெட்டில் கொதித்து அடங்குவதற்குள் எட்டுப் புத்தகங்களையும் புரட்டிவிட்டார். எட்டிலும் ஒரு தாள் போயிருந்தது.

எட்டும் ஒரே நாவல்: ‘பன்னிரண்டாவது வாளி’. எழுதியவர் எட்வின் ரட்டர். டர்ஹம் பக்கத்து நிலக்கரி ஊர்களில் நாவலாசிரியரைப் பெற்ற ஊர் எங்கள் ஹார்க்லி ஒன்றுதான் என்று நாங்கள் மார்தட்டிக்கொள்வது வழக்கம். பதினெட்டு வயதில் லண்டனுக்குப் போனவர். ஏழு நாவல் எழுதியவர். அன்று மாலை ஏழு மணிக்கு எங்கள் மன்றத்தில் வாசிக்க வருகிறார். அதற்காகவே எங்கள் வாசகர் வட்டத்துக்கு மாவட்ட நூலகம் ஒரு பெட்டி அனுப்பியிருந்தது. சாதாரணப் பிரதி ஏழு, கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் ஒன்று. வியாழன் மாலை நான்கு மணிக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

டோரீனுக்கு வயது அறுபத்தொன்பது. துப்பறியும் பிரிவில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கவுன்சில் கைகழுவிய நூலகத்தை இப்போது ஊராரே நடத்துகிறோம். அதில் செவ்வாயும் வெள்ளியும் அவர் பொறுப்பு. ஒரு தாளுக்காகப் போலீஸைக் கூப்பிட்டால் அவருடைய பழைய சகாக்கள் சிரிப்பார்கள். ஆகவே தேநீரை மறந்து, கண்ணாடியை மாட்டி உட்கார்ந்தார்.

ஏழு சாதாரணப் பிரதிகளிலும் வெட்டு நேர்கோடாக இருந்தது. கூர்மையான கத்தி. அடியில் இருந்த 149ஆம் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ அட்டையை அடியில் செருகி, நிதானமாக அறுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்தது: ஏழு பிரதிகளின் முதுகும் முதல் இருபது பக்கத்துக்குமேல் மடங்கவே இல்லை. எங்கள் வாசகர் வட்டத்தின் லட்சணம் அது.

பெரிய எழுத்துப் பிரதி வேறு மாதிரி. அதை யாரோ உண்மையிலேயே படித்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் இஞ்சி பிஸ்கட் துகள். போயிருந்தது 231–232. அதற்கப்புறம் துகளே இல்லை. வெட்டும் கத்தி வெட்டல்ல. ஆடு கடித்த இலைபோல நெளிந்திருந்தது. சமையலறைக் கத்தரிக்கோல். 230ஆம் பக்கத்தின் கடைசி வரியை டோரீன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்:

“வில்ஃப் கத்தியை விரித்தான். பிறகு”

காலை 9.50.

நூலகம் இருப்பது மன்றத்தின் பக்கவாட்டு அறையில். நடுவில் ஒரு கதவு. அதைத் தள்ளிக்கொண்டு வந்தார் நார்மன் பர்விஸ். மன்றத் தலைவர், லீக் சங்கத் தலைவர். மூச்சுக்கு முன்னால் குரல் வரும் மனிதர்.

“டோரீன்! பார்ல இருக்குற புத்தகத்துலயும் ஒரு தாளைக் கிழிச்சுட்டானுங்க!”

“கிழிக்கல. அறுத்திருக்காங்க. இங்கயும் எட்டு.”

“ஆக ஒம்பது. ஊருல இருக்குற மொத்தமும் போச்சு. நூத்தி நாப்பத்தேழாம் பக்கம்தானே?”

“ஆமா.”

“அப்புறம் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கு? டகி ஸ்டோபர்ட்டை விட்டா வேற யாரு?”

இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்லியாக வேண்டும். லீக் என்பது வெங்காயத்துக்குப் பங்காளி முறை. மற்ற ஊர்களில் அது சூப்புக்குப் போகும். எங்கள் ஊரில் போட்டிக்குப் போகும். பெண்டாட்டியின் பிரசவத்துக்குப் போகாதவன்கூட லீக்குக்குக் காவல் படுப்பான். 1976 கோடையில் மழையே இல்லை. தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடத் தடை. எட்வினின் அப்பா ஜாக் ரட்டர், வீட்டார் குளித்த தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து பன்னிரண்டு லீக்குகளைக் காப்பாற்றினார். போட்டிக்கு முந்தின நாள் விடிகாலையில் யாரோ அவற்றை அறுத்துத் தள்ளிவிட்டார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரன் டகி ஸ்டோபர்ட். இருபத்தேழு வயது. இரண்டு வருடம் தொடர்ந்து ஜாக்கிடம் தோற்றவன். சாட்சி இல்லை, வழக்கும் இல்லை. ஊர் வாய்க்குச் சாட்சி எதற்கு? சங்கத்திலிருந்து அவன் பெயரை அடித்தோம். பாரில் அவன் வந்து உட்கார்ந்தால் நாற்காலியை நகர்த்திக்கொண்டோம். 1993இல் எட்வினின் நாவல் வந்தது. அதில் 147ஆம் பக்கத்தில் வில்ஃப் என்று ஒருவன்: டகியின் வளைந்த மூக்கு, டகியின் நொண்டல், டகியின் தொப்பி, கையில் கத்தி. வெறும் வாயை மென்ற எங்களுக்கு அவல் கிடைத்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து பார் சுவரில் குத்தினோம். முப்பத்தொரு வருடமாக அது அங்கேயே இருக்கிறது.

“நாளைக்குக் காலையில டகி போட்டிக்கு லீக்கைத் தூக்கிட்டு வர்றான்,” என்றார் நார்மன். “நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு, போனா போகுதுன்னு இடம் குடுத்தோம். பாரு, புத்தி போகுதா? ஆறு மணிக்கு கமிட்டி கூட்டி அவன் பேர அடிக்கப் போறேன். இந்தத் தடவ அடிச்சா அடிச்சதுதான்.”

“ஆறு மணி வரைக்கும் டைம் குடு.”

“எதுக்கு?”

“எனக்கு இன்னும் சமாதானமாகல.”

காலை 10.20.

டோரீன் கதவைத் தாண்டி மன்றத்தின் பாருக்குப் போனார். புத்தகம் இருந்த அலமாரி சுவரோரம். அதற்கு நேர் மேலே, கை எட்டும் உயரத்தில், அந்த நகல். நான்கு மூலையிலும் குண்டூசி. ஓரம் பழுத்திருந்தது, யாரோ வில்ஃப் என்ற பெயருக்கு மேல் கொம்பு வரைந்திருந்தார்கள். ஒரு ஊசிகூட அசையவில்லை. டோரீன் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். கடைசி வரி:

“வில்ஃப் கத்தியை விரித்தான். பிறகு”

அங்கே பக்கம் முடிந்துவிட்டது.

டோரீன் அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் முகம் மெல்லச் சிவந்தது. ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

காலை 11.15.

டகி ஸ்டோபர்ட் தோட்டத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. பக்கத்தில் ஈரச் சாக்கால் மூடிய இரண்டு லீக்குகள்.

“வாங்க சார்ஜெண்ட்டம்மா. எத்தன வருஷம் ஆச்சு நீங்க இந்தப் படலைத் திறந்து? கடைசியா வந்தப்ப கையில நோட்டு இருந்துச்சு.”

“இப்பவும் இருக்கு.”

“இருக்கும்னு தெரியும். என்ன காணாம போச்சு?”

டோரீன் சொன்னார். டகி சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை.

“நான்தான்னு சொல்றானா நார்மன்?”

“ஆமா.”

“நேத்து அஞ்சு மணியிலிருந்து இங்கதான் இருந்தேன். பாத்தது யாருன்னு கேட்டா, இந்த ரெண்டு லீக்குதான். என்கூட யாரு உக்காருவா?”

“உன்கிட்ட அந்தப் புத்தகம் இருக்கா டகி?”

டகி எழுந்து கொட்டகைக்குள் போனார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு புத்தகத்தோடு வந்தார். மூலையெல்லாம் மழுங்கி, முதுகு வெளுத்து, சாணித்தாளாய்ப் போன பிரதி. ஒரு தாளும் குறையவில்லை.

“பதினாறு தடவ படிச்சிருக்கேன்.”

“பதினாறா? ஏன்?”

“எம்மேல ஏன் இந்தக் கோவம்னு எங்கயாவது சொல்லியிருப்பாரான்னு பாத்தேன். சொல்லல. ஆனா நல்ல புத்தகம். அந்த அம்மா சாகுற இடம் வரும்ல, அங்க எனக்கு அழுகையே வந்துரும். நீங்களும்தான் படிச்சிருப்பீங்களே?”

டோரீன் பதில் சொல்லவில்லை. 147ஐத் திருப்பினார். முதல் முறையாக 148ஆம் பக்கத்தைப் படித்தார்.

“ஒவ்வொன்றாக அறுத்தான். கத்தி சத்தம் போடவில்லை. பதினொன்று. படலிலிருந்து மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.”

டகி தன் வாளியை அவர் பக்கம் தள்ளினார். டோரீன் அதில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சார்ஜெண்ட்டம்மா? வெளுத்துட்டீங்க.”

“இத ஏழு மணி வரைக்கும் கடன் குடு டகி. நீயும் ஆறு மணிக்கு நூலகத்துக்கு வந்துரு.”

“புத்தகம் பத்திரம். எங்கிட்ட வேற இல்ல.”

மதியம் 2.30.

நூலகத்தின் பின்னறையில் ஹேசல் ரட்டர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எட்வினின் தங்கை, அறுபத்தொரு வயது. வாசகர் வட்டத்துக்குத் தேநீர் போடுவதும், புதுப் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை வெட்டிப் போடுவதும் அவர் வேலை. உறைச்சுருளும் வெட்டும் கத்தியும் தடித்த அட்டையும் ஜன்னல் மேடையில் இருந்தன. ஜாம் பாட்டிலை மூக்குக்கு அருகே பிடித்து ஹேசல் அதன் பெயரைப் படித்தார்.

“நேத்து கடைசியா போனது யாரு ஹேசல்?”

“நானும் நார்மனும். அவர் போட்டி மேசைய அளந்துட்டிருந்தாரு. நான் கப் கழுவினேன். ஆறு மணி இருக்கும்.”

“உங்கண்ணன் புத்தகத்த படிச்சு முடிச்சியா?”

“எங்க... பாதிதான். இத்தன வருஷமா நான் அவன் புத்தகம் எதையும் தொட்டதில்லீங்க டோரீன். வீட்டு விஷயத்த அச்சுல பாக்க யாருக்குப் பிடிக்கும்? இந்தத் தடவ வட்டத்துல எடுத்ததால படிக்க ஆரம்பிச்சேன்.”

“அப்பாவோட பன்னெண்டு லீக் ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? ஆளுக்கு ஒண்ணுன்னு எனக்கும் அண்ணனுக்கும் ஒவ்வொண்ணு குடுத்திருந்தாரு. என்னோடதுக்கு நானேதான் தண்ணி ஊத்துவேன். அன்னிக்கு ஸ்கூல் விட்டு வந்தா எல்லாம் போச்சுன்னாரு. பன்னெண்டும்.”

“உன்னோடது எது? எத்தனாவது?”

வெண்ணெய்க் கத்தி நின்றது.

“மறந்துபோச்சு,” என்றார் ஹேசல். பிறகு ஏற்கெனவே தடவிய ரொட்டிக்கே மறுபடியும் தடவினார்.

டோரீன் அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார். ஒரு கேள்வி கேட்டதற்காகத் தன்மேலேயே அவ்வளவு கூச்சம் அவருக்கு வந்தது அதுவே முதல் தடவை.

மாலை 6.00.

பின்னறையில் ஐந்து பேர். நார்மன் கையில் சங்கப் பதிவேடு. டகி கதவோரம் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றார். எட்வின் ரட்டர் ரயிலடியிலிருந்து நேராக வந்திருந்தார். அறுபத்தாறு வயது, நல்ல கோட்டு, டகியின் பக்கம் திரும்பாத முகம். ஹேசல் அண்ணனுக்குத் தேநீர் ஊற்றினார். தட்டில் கொஞ்சம் சிந்தியது.

“சீக்கிரம் முடி டோரீன்,” என்றார் நார்மன். “பேர அடிக்கணும்.”

“நார்மன், உன்ன பத்தி ஊரே சிரிக்கிற ஒரு பக்கம் இருக்குன்னு வெச்சுக்க. அத ஒழிக்கணும்னு நீ பாருக்குள்ள போற. எத முதல்ல எடுப்ப?”

“சுவத்துல இருக்குறதத்தான். அதத்தானே எல்லாரும் பாக்கறாங்க.”

“அந்த நகல் அப்படியே இருக்கு. ஒரு ஊசிகூட அசையல. அதுக்கு ஒரு முழம் கீழ இருந்த புத்தகத்த எடுத்து, அறுத்து, திரும்ப வெச்சிருக்காங்க. அறுத்தவங்களுக்கு வில்ஃபோட மூக்கப் பத்திக் கவலையே இல்ல.”

டோரீன் பெரிய எழுத்துப் பிரதியை எடுத்து நார்மன் முன்னால் விரித்து வைத்தார்.

“பெரிய எழுத்துப் பிரதிய பாரு. அதுல வில்ஃபோட மூக்கு, நொண்டல், தொப்பி எல்லாம் இருக்கு. ‘கத்தியை விரித்தான், பிறகு’ வரைக்கும் இருக்கு. போனது அதுக்கடுத்த தாள் மட்டும். நாம எல்லாரும் நூத்தி நாப்பத்தேழு, நூத்தி நாப்பத்தேழுன்னு கத்திட்டிருந்தோம். ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குங்கறத மறந்துட்டோம். சுவத்துல இருக்குற நகலுக்கு ஒரு பக்கம்தான். அதான் அத அவங்க தொடல. அவங்களுக்கு வேண்டியது நூத்தி நாப்பத்தெட்டு.”

“அதுல என்ன இருக்கு?” என்றார் நார்மன்.

முப்பத்தொரு வருடமாக அந்த நாவலைப் பற்றிப் பேசிய ஊரின் தலைவர் கேட்ட கேள்வி அது.

“யாரு அறுத்ததுன்னு முதல்ல சொல்லிடறேன்,” என்றார் டோரீன். குரல் தணிந்தது. “பெரிய எழுத்துப் பிரதிதான் முதல்ல வெட்டுப்பட்டது. வீட்டுல, கத்தரிக்கோலால, கை நடுங்க. மிச்சம் எட்டும் இங்க வெச்சு, உறை வெட்டுற கத்தியால, அடியில அட்ட வெச்சு. அடுத்த பக்கம் கீறக்கூடாதுன்னு பாத்துப் பாத்து அறுத்திருக்காங்க. புத்தகத்த நாசம் பண்றப்பகூட புத்தகத்து மேல அக்கற போகல. ஹேசல், அத எங்க வெச்சிருக்க?”

ஹேசல் கைப்பையைத் திறந்தார். ஒன்பது தாள்கள், இரண்டாக மடித்து, ரிப்பன் கட்டி. அவற்றை எரிக்க அவருக்கு மனம் வந்திருக்கவில்லை.

“படலிலிருந்து மூணாவது,” என்றார் ஹேசல். “அது என்னோட லீக். எனக்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். டகி அத ஏன் விடணும்? புதன்கிழம அத படிச்சப்ப பிஸ்கட் தொண்டையிலயே நின்னுருச்சு. டகி இல்லன்னா யாருன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. நாப்பத்தெட்டு வருஷமா இவரப் பாத்தா நான் ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கேன்.” அவர் டகியை நிமிர்ந்து பார்க்கவில்லை. “இன்னிக்கு ஊரே அவன் புத்தகத்த விரிக்கும். வேற யாராவது இத படிச்சுட்டா... அவமானம் தாங்க முடியலீங்க. அதான்.”

“ஆனா எல்லாத்தையும் அறுத்துட்டாங்கன்னு...” என்று டகி ஆரம்பித்தார்.

“அப்படித்தான் ஊருக்குத் தெரியும்,” என்றார் டோரீன். “முதல்ல அங்க போன போலீஸ்காரி நான். இருபத்தொரு வயசு. நான் படலைத் திறந்தப்ப பதினொண்ணு தரையில கிடந்துச்சு. ஒண்ணு நின்னுச்சு. மூணாவது. ஜாக் அதப் பாத்தாரு. அவன் விட்டுவெச்ச பிச்சையா இதுன்னு கத்திட்டு, அவரே பிடுங்கி ஓடையில எறிஞ்சாரு. எறிஞ்சப்புறம்தான் அது பொண்ணோடதுன்னு அவருக்கு உறைச்சுது. அங்கயே உக்காந்து அழுதாரு. வீட்டுல சொல்லாத, எல்லாத்தையும் அவனே அறுத்துட்டான்னு இருக்கட்டும், எழுதாதன்னு எங்கையப் பிடிச்சாரு.”

“அப்பாவா?” என்றார் ஹேசல். “என்னோடத அப்பாவா?”

“நான் எழுதல. பாவம்னு நெனச்சேன். அந்த ஒரு வரிய எழுதியிருந்தா, மூணாவத ஏன் விட்டான்னு எந்த சார்ஜெண்டும் கேட்டிருப்பான். டகி தப்பிச்சிருப்பான். நாப்பத்தெட்டு வருஷம்.” டோரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணு நின்னுதுங்கறது எனக்கும் ஜாக்குக்கும் மட்டும்தான் தெரியும். இன்னொருத்தருக்குத் தெரியணும்னா அவர் அத விட்டுவெச்சவராத்தான் இருக்கணும். எட்வின், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

எட்வின் ரட்டரின் தேநீர் ஆறிப்போயிருந்தது.

“காலேஜ்ல இடம் கிடைச்சுதுன்னு ஒரு லெட்டர் வந்துச்சு,” என்றார். “எங்க குடும்பத்துல முதல் ஆளு. மேசையில வெச்சிருந்தேன். அப்பா அதக் கிழிச்சு லீக்குக்கு நம்பர் எழுதிக் கட்டியிருந்தாரு. தெரியாமத்தான் பண்ணியிருப்பாரு. அன்னிக்கு அது எனக்குத் தோணல. ஹேசலோடதுல அந்தச் சீட்டு இல்ல. அடையாளத்துக்கு அவளே ஒரு வெறும் குச்சிய நட்டிருந்தா. அத அறுக்கக் கை வரல.”

“அப்புறம்?”

“சாயங்காலம் அவ எல்லாம் போச்சுன்னு அழுதா. உன்னோடது எப்படிப் போச்சுன்னு நான் கேக்க முடியுமா? கேட்டா மாட்டிக்குவேன். ரெண்டு வாரத்துல லண்டனுக்கு ஓடிட்டேன். பதினேழு வருஷம் கழிச்சு அந்தக் கேள்வியப் புத்தகத்துல வெச்சேன். முதல் வருஷம் யாராவது கண்டுபிடிச்சுருவாங்கன்னு பயந்தேன். அப்புறம் யாருமே கேக்கலன்னு கோவம் வந்துச்சு. என் ஊருக்காரங்க என்னைப் படிக்கலன்னு கோவம். அந்தக் கோவத்துல, இவர் மூக்க வெச்சு நான் சம்பாதிச்சேங்கறத சௌகரியமா மறந்துட்டேன்.”

அப்போதுதான் அவர் முதல் தடவையாக டகியைப் பார்த்தார். டகி தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நார்மன் பதிவேட்டை மெதுவாக மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

மாலை 7.00.

மன்றம் நிறைந்திருந்தது. எட்வின் மேடையேறினார். கையில் டகியின் பிரதி. ஊரில் முழுசாக இருந்தது அது ஒன்றுதான். 147ஐ வாசித்தார். நாங்கள் வழக்கமான இடங்களில் சிரித்தோம். கடைசி வரியில் கைதட்டத் தயாரானோம். அவர் தாளைத் திருப்பினார்.

148ஐயும் வாசித்தார். பிறகு புத்தகத்தைத் தாழ்த்தி, “அது வில்ஃப் இல்ல. டகி இல்ல. நான்,” என்றார். லெட்டரிலிருந்து லண்டன் வரை எல்லாவற்றையும் சொன்னார். ஹேசல் முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். டோரீன் எழுந்து தான் எழுதாமல் விட்ட வரியைச் சொன்னார்.

நாங்கள் இருநூறு பேரும் எங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. எட்வின் அறுத்தது பதினொரு லீக்கு. மிச்சத்தை அறுத்தது நாங்கள், தினமும், நாற்காலி நாற்காலியாக.

கடைசி வரிசையில் டகி எழுந்தார்.

“ஒரு வரிய விட்டுட்டீங்க,” என்றார். “‘கத்தி சத்தம் போடவில்லை’ன்னு வரும். அது நல்ல வரி.”

எட்வின் தலையைக் குனிந்துகொண்டு அந்த வரியையும் வாசித்தார். அதற்குள் நார்மன் பாருக்கு ஓடிச் சுவரிலிருந்த நகலைப் பிடுங்கப் போனார். டகி திறந்த கதவின் வழியாகவே கூப்பிட்டார்: “அத எடுக்காத நார்மன். ஹேசல்கிட்ட ஒம்பது தாள் இருக்கு. ஒண்ண வாங்கி, மறுபக்கத்தைக் காட்டி, பக்கத்துலயே குத்து.”

மாலை 7.40.

வாசிப்பு முடிந்தால் எழுத்தாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்வார். வாசகர்கள் புத்தகத்தோடு வரிசையில் நிற்பார்கள். எங்கள் ஊரில் வரிசை என்றால் வரிசைதான், யாரும் முந்த மாட்டோம். அன்று அந்த வரிசையில் டகி மட்டும் நின்றார். அவர் பின்னால் போய் நிற்க எங்களில் ஒருவருக்கும் முகமில்லை.

எட்வின் பேனாவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் எழுத்தாளர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியையே கேட்டுவிட்டார்.

“யாரு பேருக்கு எழுதட்டும்?”

“என் பேருக்கு,” என்றார் டகி. “என் சொந்தப் பேருக்கு.”

எட்வின் எழுதினார். நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் இல்லை. டகி மை உலரும்வரை ஊதிவிட்டுத் திரும்பினார். வரிசையில் அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றிருந்தார். டோரீன் ஹெப்பிள். கையில் புத்தகம் இல்லை.

“டகி, நீ காலையில ஒண்ணு கேட்ட. நான் பதில் சொல்லல.”

“படிச்சிருப்பீங்களேன்னு கேட்டேன்.”

“படிச்சேன்னுதான் முப்பத்தொரு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். சுவத்துல இருந்த அந்த ஒரு பக்கம்தான் படிச்சேன். திருப்பியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். போலீஸ்காரி.” அவர் டகியின் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். “அத எனக்கு இரவல் தர்றியா?”

டகி புத்தகத்தை அதே பிளாஸ்டிக் பையில் சுற்றினார். கொடுக்கலாமா என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் மார்போடு வைத்திருந்தார்.

“எல்லாத் தாள்லயும் ரெண்டு பக்கமும் படிப்பீங்களா, சார்ஜெண்ட்டம்மா?”

“படிக்கறேன்,” என்றார் டோரீன். தரையைப் பார்த்தபடி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.